பலவேசத்துக்கு அமுக்கரா

மருந்து கொடுத்தும் மடைக்காரன் பலவேசம் தூங்கவில்லை. பதினேழு நாள் ஆகிவிட்டது.

மருந்து கொடுத்தவர் உலகநாதன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதம் வைத்தியம் படிக்க வந்துவிட்டார். அவருக்குக் குரு மாடத்தி. சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு நாற்பத்திரண்டு. ஊர் சிரித்தது. சிரித்து முடித்தபின் மூட்டுவலிக்கு எண்ணெய் கேட்டு வந்தது.

மாடத்தி முறத்தில் அமுக்கராக் கிழங்கு புடைத்துக்கொண்டிருந்தார். சீடர் வந்து எதிரே நின்றார்.

"அம்மா, அமுக்கரா பொய்க்குமா?"

"பொய்க்காது."

"பலவேசத்துக்குப் பொய்ச்சிட்டதே."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"முதல்ல ஒரு வெருகடி. பசும்பால்ல."

வெருகடி என்றால் மூன்று விரல் நுனியால் அள்ளுகிற அளவு. உறக்கம் கெட்டவனுக்கு அது போதும்.

"பிறகு?"

"ரெண்டு."

"பிறகு?"

சீடர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நேத்து மூணு."

"இன்னைக்கு எப்படி இருக்கான்?"

"கரைமேல நடக்கையில தள்ளாடுறான். கண்ணு செருகுது. ஆனா மூட மாட்டேங்குது."

மாடத்தி முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தக் கண்ணை வச்சுக்கிட்டா குளத்துல முங்கப் போறான்?"

"மழை இறங்கிட்டா முங்கித்தானே ஆகணும்."

ஆமாம். அதுதான் விஷயம். அந்த ஊர்க் குளத்துக்கு மறுகால் சிறியது. பெருமழை பெய்தால் உபரித் தண்ணீர் அது வழியாக மட்டும் போய்த் தீராது. மடையையும் திறந்தாக வேண்டும். மடைக்காரன் மூச்சை அடக்கி முங்கி, அடியில் இருக்கும் அடைப்புக் கட்டையை உருவிவிட்டு மேலே வரவேண்டும். நல்ல தெளிவில் இருக்கிற ஆளுக்கே அது பாதி உயிர் போகிற வேலை. தூங்காத ஆள் உள்ளே போனால் வரமாட்டான். முங்கத் தெரிந்த வேறு ஆளும் ஊரில் இல்லை.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பலவேசம் மூன்று நாளும் கரையிலேயே இருந்தான். நாலாம் நாள் விடியலில் கொஞ்சம் உட்காரலாம் என்று பூவரசு மரத்தில் சாய்ந்தான். அவ்வளவுதான். விழித்தபோது கரை உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்குச் சேதமில்லை. கரைக்குக் கீழே இருந்த பேராச்சியின் வயல் மட்டும் மணல் மூடிப்போனது.

யாரும் அவனைத் திட்டவில்லை. பேராச்சி திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு வருடமாக.

அடுத்த மழைக்காலம் நெருங்கியதும் பலவேசத்துக்குத் தூக்கம் நின்றுபோனது.

"கிழங்கைச் சுத்தி பண்ணீங்களா?"

"பண்ணினேன். பானையில பாதிப் பால். வாயில துணி கட்டி, துணிமேல இடிச்ச கிழங்கு. பிட்டு அவிக்கிற மாதிரி அவிச்சு, உலர்த்தி, மறுபடி இடிச்சு, சலிச்சு."

"பத்தியம்?"

"புளி இல்லை. மீன் இல்லை. உப்பு பாதி."

"பாவம்" என்றார் மாடத்தி. "அமுக்கராவுக்கு என்னென்ன குணம்? சொல்லுங்க."

சீடர் கையைக் கட்டிக்கொண்டார். வாய்ப்பாடு மாதிரி வந்தது. "இளைச்ச உடம்பைத் தேத்தும். நரம்புத் தளர்ச்சிக்கு ஆகும். இலையை அரைச்சுப் பத்துப் போட்டா வீக்கம் வடியும். படபடப்பு அடங்கும். நெய்யோட கொடுத்தா பலம். பாலோட கொடுத்தா உறக்கம்."

"காவலுக்கு?"

"காவலுக்கா?"

"காவல் காக்கிறவனுக்கு எதோட கொடுக்கணும்?"

"அது நூல்ல இல்லையே அம்மா."

"சரி. அவன் உங்க மாணவன்தானே? வகுப்புல எப்படி?"

சீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசி பெஞ்சு. மத்தியானம் ஆனாத் தூங்கிருவான். என்ன அடிச்சாலும் தூங்குவான்."

"அங்க என்ன மருந்து கொடுத்தீங்க?"

"கணக்குத்தான்."

"அதையே கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே" என்றார் மாடத்தி. எழுந்தார். "சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"இதைக் குடிங்க."

பாலில் ஒரு வெருகடி அமுக்கரா. சீடர் கேள்வி கேட்காமல் குடித்தார். மாடத்தி அடுப்பில் பானையை ஏற்றினார். பாதிப் பால், வாயில் துணி, துணிமேல் கிழங்கு. அடியில் சிறு தீ.

"நான் கிணத்தடி வரைக்கும் போயிட்டு வாரேன். பால் பொங்கித் துணியில ஏறிடக் கூடாது. ஏறினா அத்தனை கிழங்கும் பாழ். பார்த்துக்கோங்க."

போனவர் வரவில்லை. உச்சி வெயில். சாப்பிட்ட வயிறு. பதினேழு நாளாக விடியுமுன் எழுந்து பலவேசத்தைப் பார்க்க ஓடிய அலுப்பு வேறு. சீடருக்குக் கொட்டாவி வந்தது. விறகை இழுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கண் மூடவில்லை.

மாடத்தி மெதுவாக வந்து வாசலில் நின்றார்.

"தூக்கம் வருதா?"

"வருது அம்மா. பால் பொங்கிருமே."

"இன்னொரு வெருகடி தரவா?"

சீடர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் ஒரு கண் பானைமேல் இருந்தது.

"நகருங்க" என்றார் மாடத்தி.

அடுப்பின் முன்னால் அவர் உட்கார்ந்தார். சீடர் சுவரோரம் நகர்ந்தார். சுவரில் முதுகு பட்டதுதான் தெரியும். எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கிழங்கு அவிந்து முறத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

சீடர் செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"குளத்துக்கு."

கரையில் பலவேசம் குந்தியிருந்தான். கண் இரண்டும் செம்பருத்தி. சீடர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏலே பலவேசம், நீ படு. தண்ணியை நான் பார்த்துக்கிறேன்."

"நல்லது சார்."

படுத்தான். கண்ணை மூடினான். நல்ல பையன், சொன்னால் கேட்பான். சீடர் தண்ணீரைப் பார்த்தார். கொஞ்சம் கழித்துக் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். இமை இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு திறந்திருந்தது. அது வழியாக அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே!"

"கோவிச்சுக்காதீங்க சார். ஊர்ல காவலுக்கு ரெண்டு ஆளைப் போட்டாங்க. முன்னாடி தண்ணியை மட்டும் பார்ப்பேன். இப்ப அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கேன். வேலை கூடிப்போச்சு."

"நான் வந்தது?"

"அதுவும் கூடத்தான்."

மறுநாள் மாடத்தியே போனார். காலையில் போனவர் மத்தியானம் திரும்பினார். சீடர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தூங்கினானா?"

"இல்லை."

"நீங்க சொல்லியுமா?"

"நான் சொன்னா? அவனால மணல் மூடின வயலையா நான் வச்சிருக்கேன்? நான் சொல்லி என்ன?" தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை வைத்தார். "தோத்துட்டேன். மேற்கே கறுத்துக்கிட்டு வருது, வாத்தியாரே."

குரு தோற்றேன் என்று சொல்லிச் சீடர் கேட்டதில்லை.

அப்போதுதான் பேராச்சி பால் கொண்டுவந்தாள். வைத்தியர் வீட்டுக்குப் பால் அவளுடையது. ஐம்பது வயது. கணவன் இல்லை. ஒரு மாடு, மணல் மூடிய ஒரு வயல், மேட்டில் இன்னொரு சின்ன வயல். அவ்வளவு.

"ரெண்டு வாரமா ஒரு உழக்கு கூட வாங்குதீக. யாருக்கு?"

மாடத்தி சொம்பைக் கழுவத் திரும்பினார். சீடருக்கு வாய் சும்மா இருக்காது.

"பலவேசத்துக்கு. மருந்து கலக்க."

பேராச்சி பால் செம்பை இறக்காமல் நின்றாள்.

"என் மாட்டுப் பாலையா அவன் குடிக்கான்?"

"ஆமா."

"குடிச்சுட்டுத் தூங்குதானா?"

"தூங்கலையே. நேத்துக் கரையில இருந்து விழப் பார்த்தான். அவன் போயிட்டா மடையைத் திறக்க ஆள் கிடையாது."

"ரெண்டு வாரமா பால் வீணா?"

"அப்படின்னு இல்லை..."

"கலக்கும்வே" என்றாள் பேராச்சி. செம்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மருந்தை இதுலயே கலக்கும். நான் போய்க் கேக்கேன், என் பாலுக்கு என்ன கேடுன்னு."

சீடர் மூன்று வெருகடி எடுக்கப் போனார். மாடத்தி அவர் கையைத் தட்டிவிட்டு ஒன்று மட்டும் போட்டார்.

"அம்மா, நானும் போகவா? சண்டை ஆயிருமோன்னு..."

"போங்க. தள்ளி நில்லுங்க."

சீடர் பூவரசு மரத்தடியில் நின்றார். காது கேட்கிற தூரம்தான்.

பேராச்சி வருவதைப் பார்த்துப் பலவேசம் எழுந்தான். கால் பின்னியது.

"மதினி..."

"உட்காரு. விழுந்து தொலையாத."

உட்கார்ந்தான்.

"குடி."

"உங்க பாலா மதினி?"

"மாட்டுப் பாலு. ரெண்டு வாரமா யாரைக் கேட்டுக் குடிச்சே? இப்ப மட்டும் என்ன விசாரணை? குடிலே."

குடித்தான். கொஞ்சம் மார்பில் வழிந்தது. செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைப் பார்க்கவில்லை.

"மதினி, அன்னைக்கு நான்..."

"தூங்கிட்டே. தெரியும். ஊருக்கே தெரியும். மூணு நாள் முழிச்சிருந்தவன் நாலாம் நாள் தூங்கினே. அந்த மூணு நாளும் நான் வீட்டுல இழுத்துப் போர்த்திப் படுத்துக் கிடந்தேன். ஒரு வாய்க் காப்பி கொண்டாந்து கொடுத்தேனா? எவளாவது கொடுத்தாளா?"

பலவேசம் கரையிலிருந்த புல்லைப் பிய்த்தான்.

"உங்க வயலு மதினி..."

"மணலு. அள்ளுதேன். பாதி அள்ளியாச்சு. நீ எட்டியாவது பாத்தியா? என்னைக் கண்டா வரப்பு மாறிப் போறே."

"எந்த முகத்தோட வர?"

"இருக்கிற முகத்தோட வா. வேற முகத்துக்கு எங்க போவே? வரும்போது மம்பட்டி எடுத்துட்டு வா."

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பேராச்சி குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. இருந்தாலும் அவன் முடிக்கும்வரை நின்றாள்.

"போதும். அளவுக் கோடு எது?"

மடைக் கல்லில் வெட்டியிருந்த கோட்டைக் காட்டினான்.

"தண்ணி அதைத் தொட்டா?"

"என்னை எழுப்பணும் மதினி."

"கூப்பிட்டா எந்திரிப்பியா, மிதிக்கணுமா?"

"மிதிங்க."

"ஒரு வருசமா அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன். படு."

படுத்தான். பேராச்சி அவனுக்கு முதுகைக் காட்டி, கோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். சீடர் மரத்தடியிலிருந்து கழுத்தை நீட்டி அவன் இமையைப் பார்த்தார். முதலில் திறந்திருந்தது. அது அவள் முதுகைப் பார்த்தது. பிறகு மூடியது. கோடு விடாமல் மூடியது.

குறட்டை வந்தது. பள்ளி வயதில் கடைசி பெஞ்சிலிருந்து வந்த அதே குறட்டை. முப்பது வருடத்துக்கு முன்னால் அதைக் கேட்டுப் பிரம்பை எடுத்தவர் இப்போது கையைக் கூப்பினார்.

மழை இறங்கியது. பேராச்சி ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை அவன்மேல் போட்டாள். சீடருக்குச் சாக்கு இல்லை. நனைந்தார்.

தண்ணீர் ஏறியது. கோட்டுக்கு நாலு விரல் இருந்தது. மூன்றானது. மறுகால் நிறைந்து ஓடியும் போதவில்லை. பேராச்சி அசையவில்லை. சீடர் பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் வந்தார்.

"இப்பவே எழுப்பிருவோமா?"

"கோட்டைத் தொட்டாத்தான்."

"இன்னும் ஒரு விரல்தானே?"

"அந்த ஒரு விரலுக்கு அவன் தூங்கட்டும்வே."

தொட்டது. அவள் எழுந்து அவன் விலாவில் காலை வைத்தாள். பலமாக இல்லை. மெதுவாகவும் இல்லை.

"எந்திரிலே."

எழுந்தான். கோட்டைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். அப்புறம் அவளை.

"தொட்டு நேரமாச்சா மதினி?"

"இப்பத்தான்."

வேட்டியை இறுக்கிக்கொண்டு மடைக் கல்மேல் ஏறினான். கால் பின்னவில்லை. குதித்தான்.

குளம் மூடிக்கொண்டது. மழை விழுகிற புள்ளிகள் தவிர மேலே ஒன்றும் இல்லை. சீடர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டார். விட்டார். மறுபடி பிடித்தார். பேராச்சியின் உதடு அசைந்தது. சாமியைக் கூப்பிட்டாளா, அவனை வைதாளா, தெரியவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் உறுமியது. கட்டை உருவியாயிற்று. அடுத்த நொடி தண்ணீருக்கு மேலே ஒரு தலை வந்தது. இருமியது. துப்பியது.

சீடர் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பலவேசம் கரையேறி வந்தான். பல் தந்தியடித்தது. கண் தெளிவாக இருந்தது. தண்ணீர் கோட்டைவிட்டு இறங்குகிறவரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமா?"

"வீட்டுல போய்த் தூங்கு. அந்தி வரைக்கும் நான் இருக்கேன். பிறகு இவரு இருப்பாரு."

"சாருக்குத் தண்ணி தெரியாதே மதினி."

"கோடு போட்டா தெரியும்லா? கணக்கு வாத்தியார்தானே?"

பலவேசம் சிரித்தான். ஒரு வருடத்தில் முதல் தடவை. போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மழை ஐந்து நாள் நின்று பெய்தது. கரை தாங்கியது. பலவேசம் முறை வைத்துத் தூங்கினான். மற்றவர்கள் முறையில் எட்டிப் பார்க்கவில்லை. மழை விட்டதும் மம்பட்டியோடு எங்கே போனான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் வைத்தியர் வீட்டுக்கு வந்தான். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கையில் ஓலையில் கோத்த இரண்டு விரால்.

"வைத்தியருக்கு" என்றான்.

சீடர் கையை நீட்டிவிட்டார். பிறகு குருவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

மாடத்தி அரைத்துக்கொண்டிருந்தார். "மருந்து எத்தனை வெருகடி?"

"நாலு நாளாச் சாப்பிடலைம்மா. மறந்துருது. படுத்தாத் தூங்கிருதேன்."

"நிறுத்திரு. புளி சேர்த்துக்கோ. மீனும் தின்னு."

பலவேசத்துக்கு அதில்தான் அதிக சந்தோஷம்.

சீடர் தொண்டையைச் செருமினார். "அம்மா, ஒண்ணு கேக்கணும். மூணு வெருகடியில வராத தூக்கம் ஒண்ணுல எப்படி வந்தது? அதே கிழங்கு. அதே பால். என் அளவு தப்பா?"

"கூடுதல். ஆனா அது இல்லை காரணம்."

"சுத்தி பண்ணினது தப்பா?"

"என்னைவிட நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"அப்போ கடைசியில வைத்தியம் பண்ணினது நானா, நீங்களா?"

மாடத்தி அம்மியிலிருந்து கையை எடுக்காமல் விராலைப் பார்த்தார். பலவேசத்தைப் பார்த்தார்.

"ஏன்யா இன்னும் இங்க நிக்கே? மீன் கெட்டுப்போகும். வைத்தியருக்குன்னா வைத்தியர் வீட்டுல கொண்டுபோய்க் கொடு."

"இதுதானே அம்மா வைத்தியர் வீடு?"

"இல்லை" என்றார் மாடத்தி. "பேராச்சி வீடு."